புளித்த கள்ளுக்கும் ஒரு வரலாறு உண்டு

 

பெங்களூரில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர்கள் சிலர் சென்ற வாரம் ஒரு படம் அனுப்பினார்கள். மரப்பலகையில் ஆறு சின்னக் கண்ணாடிக் குவளைகள். ஒன்று மாம்பழ மஞ்சள், ஒன்று நாவல்பழ ஊதா, ஒன்று வெளிர் சிவப்பு. நண்பர்கள் கூடி, ஒவ்வொன்றிலும் ஒரு மடக்கு குடித்துப் பார்த்து, எது எப்படி என்று பேசிக்கொள்வார்களாம். கீழே ஒரு கேள்வி: "சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். இது பழம் போட்ட புளிப்பு பீர். ஐரோப்பாவில் இது பழைய வழக்கமாம். நம்மிடம் இப்படி ஏதாவது இருந்ததா?"

கோபம் இல்லை, தம்பிகளா. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. உங்களுக்கும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் நீங்கள் கேட்டது வரலாற்றுக் கேள்வி. வாத்தியாரிடம் கேள்வி கேட்டால் பதில் வந்தே தீரும், அதுவும் நீளமாக வரும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

முதலில் புளிப்பு என்றால் என்ன என்று பார்ப்போம். இட்லி மாவை இரவு கரைத்து வைத்தால் காலையில் பொங்கிப் புளித்திருக்கிறது. ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் ஊற்றுகிற கேழ்வரகுக் கூழுக்கு முதல் நாளே மாவைக் கரைத்துப் புளிக்க வைக்கிறோம். பாலில் உறை ஊற்றினால் தயிராகிறது. இவை எல்லாவற்றிலும் வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவை சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை விடுகின்றன. அந்த அமிலம்தான் புளிப்பு. இதை 1857-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு லூயி பாஸ்டர் ஆராய்ந்து எழுதினார். ஈஸ்ட் என்னும் மற்றொரு நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்றால் சாராயச் சத்து உண்டாகிறது. இரண்டும் ஒரே பாத்திரத்தில் வேலை செய்தால் புளிப்பும் போதையும் சேர்ந்து வரும்.

பனங்கள்ளில் நடப்பது இதுதான். பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் சொட்டுவது கள் அல்ல, வெறும் இனிப்பு நீர். அதில் 100-க்கு 10 முதல் 15 பங்கு சர்க்கரை. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் நுண்ணுயிர் வேலை செய்யாது, அது பதநீர். சுண்ணாம்பு இல்லாவிட்டால் மரத்தில் இருக்கும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது இனிப்பும் இலேசான புளிப்புமாக இருக்கும். மதியம் புளிப்பு ஏறும். மாலையில் காட்டமாகும். ஓரிரு நாள் போனால் காடியாகிவிடும். வாயில் வைக்க முடியாது. ஆக, கள்ளைப் பொறுத்தவரை புளிப்பு என்பது அதன் வயது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை நாக்கே சொல்லிவிடும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொல்லப்போகும் வரலாறு முழுவதும் இந்த ஒரு செய்தியைச் சுற்றித்தான் வருகிறது.

இப்போது சங்க காலத்துக்குப் போவோம். ரொம்ப தூரம் போக வேண்டாம். திருவண்ணாமலைக்கு மேற்கே இருக்கிற செங்கம்தான் நன்னன் சேய் நன்னன் ஆண்ட ஊர். அவனைப் பாடியது மலைபடுகடாம், 583 அடி. பாடியவர் பெருங்கௌசிகனார். அதில் வரும் நவிரமலையை நம் பர்வதமலை என்று அறிஞர்கள் சொல்வார்கள். நன்னனிடம் பரிசு பெறப் போகிற கூத்தர்களுக்கு வழியில் மலைவாழ் மக்கள் என்னென்ன தருவார்கள் என்று அந்தப் பாட்டு வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையில், மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்த தேன் தேறலும் நறவும் உண்டு. புளி சேர்த்த கூழும் உண்டு. இன்றைக்கு மரப்பீப்பாயில் ஊற்றி மாதக் கணக்கில் முதிரவைத்தது என்று சொல்லி விலையை ஏற்றுகிறார்கள் அல்லவா? நம் மாவட்டத்து மலையில் அதை மூங்கிலில் செய்திருக்கிறார்கள்.

"அது தேன், சார். பீர் என்றால் தானியத்தில் செய்வது அல்லவா?" என்று கேட்பீர்கள். அதற்கும் பதில் இருக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பு ஒன்று வருகிறது. அங்கே மது செய்யும் முறை படிப்படியாகச் சொல்லப்படுகிறது. அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்து, வாயகன்ற தட்டில் பரப்பி ஆறவைக்கிறார்கள். உரையாசிரியர் விளக்கப்படி, முளைகட்டிய நெல்லை இடித்து அதில் கலக்கிறார்கள். இரண்டு பகல் இரண்டு இரவு வைத்து, சாடியில் ஊற்றி முற்றவிட்டு, பிறகு பிழிந்து எடுக்கிறார்கள். இன்றைய பீர் ஆலையில் பார்லியை முளைகட்டிச் சேர்ப்பது எதற்காக? முளைவிடும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் என்பதற்காக. அதே நுட்பம்தான் இங்கே நெல்லில் நடந்திருக்கிறது. வீட்டில் செய்யும் நெல் மதுவுக்குத் தோப்பி என்று தனிப்பெயரே அந்த நூலில் இருக்கிறது.

சரி, பழம்? கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டைப் பாருங்கள். கபிலர் உயிர்விட்டதாகச் சொல்லப்படும் குன்று, நமக்குத் தெற்கே திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. அவர் காட்டும் மலைச்சாரலில் மாம்பழம் உதிர்கிறது. தேனடை சிதைந்து தேன் ஒழுகுகிறது. பலாச்சுளை நெகிழ்ந்து விழுகிறது. மூன்றும் சேர்ந்து சுனையில் ஊறித் தேறலாகிவிடுகிறது. தண்ணீர் என்று நினைத்து அதைக் குடித்த மயில் தள்ளாடுகிறது! யாரும் காய்ச்சவில்லை, ஈஸ்ட் தூவவில்லை. காற்றில் இருந்ததும் பழத்தோலில் இருந்ததும் தாமே வேலையை முடித்துவிட்டன. பழம் ஊறித் தானாகவே மதுவாகும் செய்தியை ஒரு கவிஞர் இவ்வளவு கூர்மையாகக் கவனித்திருக்கிறார்.

புளிப்பு? புறநானூற்றின் 177-ஆம் பாட்டில், கள்ளுண்டு கண் சிவந்த ஆடவர் புளிப்புச் சுவையைத் தேடிக் களாப்பழமும் துடரிப்பழமும் தின்கிறார்கள். அதுவும் அலுத்துப் போனால் நாவல்பழம் பறிக்கப் போகிறார்கள். பள்ளிக்கூட வாசலில் உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டுக்கொண்டு களாக்காய் தின்ற கூட்டம்தானே நீங்கள்? உங்கள் ஊதாக் குவளையில் இருக்கிற நாவல்பழத்துக்கும் கள்ளுக்கும் உறவு ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழையது என்று இனிமேல் தைரியமாகச் சொல்லலாம்.

நண்பர்களோடு பகிர்ந்து குடிப்பதும் புதிதல்ல. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் 235-ஆவது. கள் கொஞ்சம் கிடைத்தால் அதை எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, எங்களோடு சேர்ந்து உண்டு மகிழ்வான் என்று அவனை நினைத்து அழுகிறார். அந்த அதியமான் வெறும் கதை அல்ல. திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பை என்ற ஊரில் அவன் பெயர் பொறித்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு 1981-இல் கண்டுபிடிக்கப்பட்டது.

அதே நேரத்தில் இன்னொரு வகை மதுவும் இங்கே இருந்தது. யவனர் கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கிண்ணத்தில் மகளிர் ஊற்றித் தர, பாண்டியன் நன்மாறன் குடித்து மகிழட்டும் என்று நக்கீரர் வாழ்த்துகிறார். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, அந்த மாதிரித் திராட்சை மது வந்த ரோமானியச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். திராட்சை மது கெடாமல் கடல் கடந்து வந்தது. அதனால் அது வணிகப் பொருள், அரசனின் பொருள். கள் அடுத்த ஊருக்குப் போவதற்குள் புளித்துவிடும்; அதனால் அது ஊரார் பொருள்.

இதைச் சொல்லிவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாவிட்டால் நான் ஆசிரியன் இல்லை. திருவள்ளுவர் 'கள்ளுண்ணாமை' என்று ஓர் அதிகாரமே வைத்தார். 93-ஆவது அதிகாரம், 10 குறள். கள்ளைக் கொண்டாடிய குரலும் கண்டித்த குரலும் இரண்டுமே நம் குரல்கள்தான். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இதுதான் தமிழர் பண்பாடு என்று பேசக் கூடாது.

ஐரோப்பாவிலும் கதை இப்படித்தான் தொடங்கியது. பெல்ஜியத்தில் சென் ஆற்றுப் பள்ளத்தாக்கில் லாம்பிக் என்ற பீர் இருக்கிறது. கொதிக்கவைத்த தானியச் சாற்றை அகலமான தொட்டியில் திறந்து வைத்துவிடுவார்கள். காற்றில் வரும் நுண்ணுயிர்களே அதைப் புளிக்கவைக்கும். நம் பனங்கலயம் போலத்தான். அதில் புளிப்புச் செர்ரிப் பழத்தை ஊறப்போட்டால் கிரீக் என்று பெயர். பெர்லினில் கோதுமையில் செய்யும் புளிப்பு பீர் உண்டு. லைப்சிக் நகரத்தின் கோஸா என்ற பீரில் உப்பும் கொத்துமல்லி விதையும் போடுவார்கள். கேட்டால் நம் வீட்டு நீர்மோர் நினைவுக்கு வருகிறது.

பிறகு தொழிற்சாலைக் காலம் வந்தது. 1883-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் ஈஸ்டைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். அதற்குப் பிறகு ஒரே சுவையில், புளிக்காமல், நெடுநாள் கெடாமல் இலட்சக்கணக்கில் பீர் செய்ய முடிந்தது. புளிப்பு என்பது குறை என்று ஆகிவிட்டது. லைப்சிக் பீர் 1966-இல் அடியோடு நின்றுபோனது; 1980-களில்தான் ஆர்வலர்கள் அதை மீட்டார்கள். 2016-இல் பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. அவர்களின் புளிப்பு அழியும் தறுவாயிலிருந்து திரும்பி வந்து மரியாதை பெற்றது. நம்முடையது?

இங்கேதான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இருக்கிறது. நம் புளிப்புப் பானத்தை முதலில் வீழ்த்தியது ஒழுக்கம் அல்ல, வரிக் கணக்கு.

வெள்ளையர் ஆட்சியில் 1886-ஆம் ஆண்டு சென்னை அப்காரிச் சட்டம் வந்தது. மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம் என்று எல்லாம் ஒழுங்குபடுத்தப்பட்டது. நிலவரியைப் போலவே மது வரியும் சென்னை மாகாண அரசின் பெரிய வருமானங்களில் ஒன்றாயிற்று. இப்போது அதிகாரியின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். கள் ஆயிரக்கணக்கான மரங்களில், ஆயிரக்கணக்கான கலயங்களில் சொட்டுகிறது. அளக்க முடியாது, சேமிக்க முடியாது. மாலைக்குள் விற்றாக வேண்டும். சாராயம் அப்படி அல்ல. ஓரிடத்தில் காய்ச்சலாம், பீப்பாயில் பூட்டலாம், அளந்து முத்திரை வைக்கலாம், எத்தனை மாதம் வேண்டுமானாலும் வைத்து விற்கலாம். வரி போட வசதியான சரக்கு எது என்று சொல்லத் தேவையில்லை. வலுக் குறைந்து, புளித்து, கெட்டுப்போகும் பானத்திலிருந்து வலு மிகுந்து, கெடாமல் நிற்கும் பானத்துக்கு நாடு நகர்ந்தது இப்படித்தான்.

இதன் எதிர்ப்பக்கம் நெஞ்சை உருக்குவது. கூலியை வாங்கிக்கொண்டு நேராகக் கடைக்குப் போன ஆண்களால் பட்டினி கிடந்த வீடுகள் ஏராளம். 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது நாகம்மையாரும் கண்ணம்மாளும் பெண்களைத் திரட்டி முன்னே நின்றார்கள். பெரியார் தம் தோப்பில் இருந்த நூற்றுக்கணக்கான தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். கள்ளை எதிர்த்தவர்களுக்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் பெண்களின் கண்ணீர். இதை மறந்துவிட்டுக் கள்ளின் பெருமை பேசுபவர்களை நான் ஏற்க மாட்டேன்.

1937-இல் இராஜாஜி அமைச்சரவை மதுவிலக்குச் சட்டம் கொண்டுவந்தது. அக்டோபர் 1 அன்று முதலில் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. 1939-இல் நம் பகுதி சேர்ந்திருந்த வட ஆர்க்காட்டுக்கும் வந்தது. போன வருமானத்தை ஈடுகட்ட அதே ஆண்டு விற்பனை வரி போடப்பட்டது. இன்று நாம் சோப்பு வாங்கினாலும் வரி கட்டுகிறோமே, அதன் முன்னோடி மதுவிலக்கு பெற்ற பிள்ளை! உலகப் போர்க் காலத்தில் மதுவிலக்கு நிறுத்தப்பட்டு, விடுதலைக்குப் பின் 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதும் வந்தது. அப்போது முதல்வராக இருந்தவர் நம் பக்கத்துத் திண்டிவனம் வட்டாரத்து ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை உங்கள் தாத்தாக்கள் நேரில் கண்டார்கள். 1971-இல் கலைஞர் ஆட்சியில் கடைகள் திறந்தன. 1974-க்குள் மீண்டும் மூடின. 1981-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் திறந்தன. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கியது. 1987 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை; ஆலையில் செய்த மதுவுக்குத் தடை இல்லை. 2003-இல் ஜெயலலிதா ஆட்சியில் சில்லறைக் கடைகளையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தப் பாதை மாறவில்லை. அதனால் யாரும் கருத்துப் பகுதியில் கட்சிச் சண்டை போட வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். டாஸ்மாக் இன்றும் இயங்குவது 1937-ஆம் ஆண்டின் அதே மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான்!

கணக்கைப் பாருங்கள். கள்ளில் சாராயச் சத்து 100-க்கு 4 முதல் 6 பங்கு. பீரும் ஏறக்குறைய அதே அளவு. கடையில் விற்கும் பிராந்தி, ரம் 42.8 பங்கு. இதில் முதலாவதுக்குத் தடை. மற்ற இரண்டுக்கும் கடை. நம் ஊர் வழியாகப் போகும் சாலையில் திண்டிவனம் போய்த் திரும்பினால் புதுச்சேரி. அங்கே கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. கேரளத்திலும் நடக்கிறது. இங்கே பாளை சீவிக் கள் இறக்கினால் பனையேறி மீது வழக்கு.

தடைக்கு ஆதரவாகச் சொல்லும் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கள்ளில் குளோரல் ஹைட்ரேட் போன்ற மயக்க மருந்துகளைக் கலப்பது நடந்திருக்கிறது. ஆயிரம் மரங்களை யார் காவல் காப்பது என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பூட்டிய ஆலையை மட்டும் நம்பியதால் விஷம் நின்றுவிட்டதா? 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் 20-க்கும் மேற்பட்டோர் விஷச் சாராயத்தில் மடிந்தார்கள். 2024 ஜூனில் நமக்கு அடுத்த மாவட்டமான கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். கலந்திருந்தது மெத்தனால். நிறமில்லை, நாக்குக்கும் பிடிபடாது. உடலுக்குள் போய் பார்மிக் அமிலமாக மாறிக் கண்ணையும் உயிரையும் பறிக்கும். பழைய கள் கெட்டால் நாக்குக்குத் தெரிந்தது, இது தெரியவில்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். கடைச் சரக்கின் விலை கட்டாமல் பாக்கெட்டை வாங்கியவர்கள்.

இதற்குக் கள்ளே மருந்து என்று நான் சொல்லவில்லை. குடியால் அழிந்த குடும்பத்துப் பிள்ளைகள் வகுப்பில் கடைசி வரிசையில் பசியோடு உட்கார்ந்திருந்ததை எத்தனையோ முறை பார்த்தவன் நான். அந்தப் பிள்ளைகளில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். நான் சொல்வது இவ்வளவுதான்: நம் சட்டங்கள் போதையின் அளவைப் பார்த்துப் போடப்பட்டவை அல்ல, எது பெட்டியில் அடங்கும், எது வரியில் அடங்கும் என்று பார்த்துப் போடப்பட்டவை. அதனால்தான் மாநகரத்துக் குளிர்சாதன அறையில் பழம் போட்டுப் புளிக்கவைத்தால் அது கலை. ஏரிக்கரையில் தானாகப் புளித்தால் அது குற்றம். பானம் ஒன்றுதான். ஆள் வேறு.

இந்தக் கணக்கில் காணாமல் போனது கள் மட்டும் அல்ல. பனை ஏறத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். நம் மாநில மரம் பனை. ஆனாலும் செங்கல் சூளை விறகுக்காக வெட்டப்பட்டது கொஞ்சமா? 2021-இல்தான் மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று அரசு அறிவித்தது. ஏறுவதற்கு ஆள் இல்லாவிட்டால் பதநீர் இல்லை, கருப்பட்டி இல்லை. பதநீர்க் காலத்தில் சாலையோரம் கலயத்தோடு உட்கார்ந்திருக்கும் பெரியவரைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி வாங்கிக் குடியுங்கள். அதற்குத் தடையும் இல்லை, போதையும் இல்லை.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டில் 80 வயதைத் தாண்டிய பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். நம் ஊர் ஏரிக்கரையில் அந்தக் காலத்தில் எத்தனை பனை இருந்தது? காலைக் கள், மாலைக் கள், புளித்த கள் என்று வேளைக்கு ஒரு பெயர் இருந்ததா? அவர்கள் சொல்வதை அப்படியே கீழே எழுதுங்கள். பிழை இருந்தாலும் பரவாயில்லை, நான் திருத்திக்கொள்கிறேன். அவர்கள் போய்விட்டால் அந்தச் சொற்களும் கூடவே போய்விடும்.